ஆறு, ஏரி, கடல்: இளவயதினர் மூழ்காமல் இருக்க முதலில் எதில் கைவைப்பது?

இளவயதுப் பையன் ஒருவன் ஆற்றிலோ ஏரியிலோ மூழ்கி இறந்த செய்தி வந்ததும் இரண்டு யோசனைகள் உடனே எழும்பும். எல்லாருக்கும் நீச்சல் சொல்லிக்கொடுங்கள் என்பது ஒன்று, அந்த இடத்தை அடைத்துப் பலகை வையுங்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பில்லை. ஆனால் கையில் இருக்கும் பணமும் ஆளும் நேரமும் எப்போதும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை எதில் போட்டால் அடுத்த சாவைத் தடுக்கலாம் என்று பார்த்தால், இந்த இரண்டும் முதலிடத்துக்கு வரவில்லை என்பது என் எண்ணம். பள்ளி, விளையாட்டுக் கழகம், உள்ளாட்சி, பிள்ளைகளைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகும் பெற்றோர் என முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களை மனதில் வைத்து, இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கிறேன். இங்கே இளைஞர் என்றால் ஏறக்குறைய 12 வயதிலிருந்து 25 வரை. தண்ணீர் என்றால் அடியும் ஓரமும் தெரியாத தண்ணீர்: ஆறு, ஏரி, கால்வாய், கைவிட்ட கல்குவாரி, கடல்.

முதலில் வயதைப் பிரித்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலான அறிவுரைகள் இங்கேதான் குழம்புகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி 2021இல் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் இறப்பு விகிதம் 38 சதவீதம் இறங்கியிருக்கிறது. இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 29 வயதுக்குக் கீழே, கால்வாசிப் பேர் 5 வயதுக்குக் கீழே. இந்த இரண்டு கூட்டமும் சாகும் விதம் வேறு வேறு. சின்னக் குழந்தை யாரும் பார்க்காத இரண்டு நிமிடத்தில் தவழ்ந்தோ நடந்தோ போய் விழுகிறது. அதற்கு வேலியும் பகல்நேரக் காப்பகமும் அருமையான மருந்து. நீச்சல் குளத்தின் நாலு பக்கமும் வேலி போட்டால், வீட்டுப் பக்கம் திறந்திருக்கும் மூன்று பக்க வேலியைவிடக் குழந்தைகள் மூழ்கும் அபாயம் 83 சதவீதம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பதினாறு வயதுப் பையன் தண்ணீரைத் தேடிப் போகிறவன், நண்பர்களோடு போகிறவன், வேலி ஏறத் தெரிந்தவன். அவனுக்கு அந்த மருந்து எடுபடாது.

அவன் எப்படி இறக்கிறான் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், பிறகுதான் எந்த வழி எங்கே உதவும் என்று தெரியும். இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே போகும்போது தரை சட்டென்று இறங்கிவிடுகிறது, மணல் அள்ளிய குழியாக இருக்கலாம், ஆறே அரித்த பள்ளமாக இருக்கலாம். அல்லது வெயிலில் காய்ந்த உடம்போடு உயரத்திலிருந்து குதிக்கிறான்; மேல்மட்டத் தண்ணீர் வெதுவெதுப்பு, கொஞ்சம் கீழே போனால் சில்லென்று அடிக்கிறது, மூச்சு தானாக இழுக்கிறது, அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போகிறது. அல்லது அக்கரை பக்கம்தானே என்று நீந்தத் தொடங்கிப் பாதியில் கை ஓய்ந்துவிடுகிறது. இதற்கு அப்புறம் நடப்பது படத்தில் காட்டுகிற மாதிரி இருக்காது, கூச்சல் இல்லை, கையசைப்பு இல்லை. நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா, மூழ்குகிறவர்களைப் படமெடுத்துப் பார்த்து விவரித்தது இது: தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் இருக்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், கூப்பிட மூச்சு மிச்சமிருக்காது, 20 முதல் 60 நொடிக்குள் ஆள் உள்ளே போய்விடுவார். பக்கத்தில் நிற்கும் நண்பன் விளையாடுகிறான் என்றே நினைப்பான். புரிந்ததும் அவனும் குதிப்பான். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறக்கும் செய்திகளில் பலவற்றின் பின்னால் இதுதான் இருக்கிறது.

ஆக மூன்று கட்டம் இருக்கிறது. தண்ணீரில் இறங்குவதற்கு முன், உள்ளே சிக்கிய முதல் ஒரு நிமிடம், அதற்குப் பிறகு கரையில் இருப்பவர்கள் செய்வது. கையிலிருக்கும் ஒவ்வொரு வழியும் இதில் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்று கேட்டால் போதும், பாதி விவாதம் அடங்கிவிடும்.

நீச்சல் வகுப்பை எடுத்துக்கொள்வோம், எல்லாரும் முதலில் சொல்வது அதுதான். நீச்சல் தெரிந்தவன் மூழ்கமாட்டான் என்பது பாதிதான் உண்மை. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மூழ்கி இறந்த பிள்ளைகளையும் அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகளையும் ஒப்பிட்டது. 1 முதல் 4 வயதில் வகுப்புக்குப் போனவர்களுக்கு அபாயம் 88 சதவீதம் குறைவு என்று வந்தது (ஆய்வில் சேர்ந்தவர்கள் குறைவு என்பதால் அந்த எண்ணை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்). 5 முதல் 19 வயதில்? புள்ளியியல்படி உறுதியான பயன் எதுவும் தெரியவில்லை. இதற்கு எதிர்ப்பக்கம் வங்கதேசம் இருக்கிறது. அங்கே கிராமக் குளங்களில் மூங்கில் தளம் கட்டி 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்விம்சேஃப் என்ற திட்டத்தில் நீந்தவும், மிதக்கவும், மற்றவரைக் கரையிலிருந்து காப்பாற்றவும் கற்றுக்கொடுத்தார்கள். படித்த பிள்ளைகளிடையே மூழ்கும் சாவு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இரண்டும் முரண்படுகிற மாதிரித் தோன்றும், எனக்கு அப்படித் தெரியவில்லை. வங்கதேசப் பிள்ளைகள் மூழ்கியது வீட்டுக்குப் பக்கத்து அசையாத குளத்தில், கற்றுக்கொண்டதும் அதே மாதிரித் தண்ணீரில், கற்றது போட்டிக்கு நீந்துவதை அல்ல, உயிரோடு வெளியே வருவதை. பெரிய பையன் கற்றது ஒரு மாதிரித் தண்ணீர், போய் இறங்குவது வேறு மாதிரித் தண்ணீர். வீட்டு முற்றத்தில் சைக்கிள் பழகிவிட்டு நெடுஞ்சாலையில் இறங்குவது மாதிரிதான் அது.

வகுப்பின் உள்ளடக்கமும் நாட்டுக்கு நாடு பயங்கரமாக வேறுபடுகிறது. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டம் 25 மீட்டர் கேட்கிறது, கூடவே ஆபத்தில் தன்னைக் காத்துக்கொள்ளும் திறனையும் கேட்கிறது. நார்டிக் நாடுகளின் வரையறை கடினம்: ஆழமான நீரில் விழுந்து, தலை மேலே வந்து, நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், அதில் 50 மீட்டர் மல்லாந்து. நெதர்லாந்தில் பிள்ளைகள் உடுப்போடும் செருப்போடும் நீந்திக் காட்டித்தான் சான்றிதழ் வாங்குகிறார்கள், கால்வாயில் விழுகிறவன் நீச்சலுடையில் விழுவதில்லை என்ற எளிய காரணத்துக்காக. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஐந்து காரியத்தை ஒரே தொடராகச் செய்யச் சொல்கிறது: தலை மூழ்கும் ஆழத்தில் குதி, மேலே வந்து ஒரு நிமிடம் மித, முழு வட்டம் திரும்பி வெளியேற வழி பார், 25 கெஜம் நீந்து, ஏணி இல்லாமல் வெளியே ஏறு. எனக்கு இந்தக் கடைசிப் பட்டியல்தான் பிடிக்கிறது, ஏனென்றால் இதில் அழகான நீச்சலுக்கு மதிப்பெண்ணே இல்லை. உங்கள் பள்ளியில் நடக்கும் வகுப்பில் பிள்ளைகள் எத்தனை சுற்று அடிக்கிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, சட்டை பேன்டோடு கால் எட்டாத இடத்தில் ஒரு நிமிடம் மிதப்பார்களா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது உடற்பயிற்சி வகுப்பு, நல்லதுதான், ஆனால் வேறு கணக்கில் எழுத வேண்டியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொஞ்சம் நீந்தத் தெரிந்தவன் அடிக்கடி தண்ணீருக்குப் போவான், ஆழத்துக்கும் போவான், தன் திறமையைக் கூடுதலாகவே மதிப்பிடுவான், அதிலும் பையன்கள். உலக அளவில் மூழ்கி இறப்பவர்களில் ஆண்கள் பெண்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கடலில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும் நாளில் நொடிக்கு 2.4 மீட்டர்வரை போகும், அது ஒலிம்பிக் வீரரின் வேகம். குளத்தில் நாலு சுற்று அடிப்பவன் அதை எதிர்த்து நீந்தினால் எத்தனை நிமிடம் தாங்குவான்?

அதனால் நீச்சல் வகுப்புக்கு என் தீர்ப்பு இது: 6 முதல் 12 வயதுக்குள் எல்லாருக்கும் கொடுத்தே ஆக வேண்டிய அடிப்படை, ஆண்டுக்கணக்கில் பலன் தரும். ஆனால் இந்த விடுமுறைக்கு ஆற்றங்கரையில் கூடப்போகும் பதினேழு வயதுக் கூட்டத்துக்கு அது விடை இல்லை. நேரம் இல்லை.

அவர்களுக்கு இருக்கும் குறுக்குவழி மிதக்கும் பயிற்சி. இதைப் பலரும் நீச்சலின் ஒரு பகுதி என்று நினைத்துத் தாண்டிப்போகிறார்கள், நான் தனி வழியாகவே வைக்கிறேன், ஏனென்றால் நீச்சல் தெரியாதவர்களில் பலரும் சில மணிநேரப் பழக்கத்தில் இதைப் பிடித்துக்கொள்ள முடியும், தேர்ந்த நீச்சல்காரருக்கும் முதல் ஒரு நிமிடத்தில் தேவைப்படுவது இதுதான். குளிர்ந்த நீரைப் பற்றிக் கனடாவைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிவரும் கணக்கு 1-10-1: மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், கைகால் நாம் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் சூடு குறைந்து நினைவு தப்ப 1 மணிநேரம். ஆகவே குளிரில் விழுந்தவர் உறைந்து சாவதற்கு வெகுநேரம் முன்பே, அந்த முதல் நிமிடத்தில் பதறி நீந்தப்போய்த்தான் தண்ணீர் குடிக்கிறார். பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்என்எல்ஐ சொல்லிக்கொடுப்பது மிகச் சுருக்கம்: தலையைப் பின்னால் சாய்த்துக் காது நனையும்படி வை, உடம்பைத் தளர்த்து, கைகாலை விரி, வேண்டுமானால் கையை மெல்ல அசை, மூச்சு சீராகும்வரை அப்படியே கிட. கால் கீழே தாழ்ந்தால் பரவாயில்லை, முகம் மேலே இருந்தால் போதும். அதன் பிறகு கூப்பிடு, அல்லது நீந்து.

ஓடும் ஆற்றுக்கு இதில் ஒரு திருத்தம் உண்டு. மல்லாந்து, பாதம் ஓட்டத்தின் திசையில் முன்னால் இருக்கும்படி போக வேண்டும், பாறை வந்தால் கால் வாங்கிக்கொள்ளும். சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். வேகமான நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது, பாறையிடுக்கில் பாதம் மாட்டினால் பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளை முகங்குப்புறத் தள்ளி அங்கேயே அழுத்திவிடும். கடலில் இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து கையைத் தூக்கிக் காட்டலாம், தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி அலை உடையும் பக்கம் வரலாம். சரி, இதன் குறை என்ன? வகுப்பறையில் படம் போட்டுக் காட்டினால் மண்டையில் ஏறும், தண்ணீரில் விழுந்த நொடியில் காணாமல் போய்விடும். உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் அலை தெறிக்கிற, கொஞ்சம் சில்லென்ற தண்ணீரில், பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொண்டு. தண்ணீரே தொடாமல் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

அடுத்தது தடையும் பலகையும். உள்ளாட்சிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஒரே நாளில் முடிகிற வேலை, பொறுப்பும் கைமாறிவிடும். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் வந்தவர்களை விசாரித்த ஓர் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்த எந்தப் பலகையையும் கவனித்திருக்கவில்லை. கவனித்தாலும், “ஆபத்து, குளிக்காதே” என்று மொட்டையாக எழுதியிருப்பதைப் பார்த்து நின்றவர்கள் யார்? நேற்றும் பத்துப் பேர் அங்கே குளித்ததை அந்தப் பையன் பார்த்திருக்கிறான். ஒட்டுமொத்தத் தடையின் பெரிய கெடுதல் வேறு: ஆள் நடமாட்டமுள்ள துறையை மூடினால் கூட்டம் வீட்டுக்குப் போகாது, இரண்டு வளைவு தள்ளி யாரும் பார்க்காத மடுவுக்குப் போகும்.

ஆனால் சில இடங்களை மூடத்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. சிறிய தடுப்பணை அதில் முதல். பார்க்கச் சாதுவாக இருக்கும், இடுப்புயரம்கூட இராது. மேலிருந்து விழும் நீர் அடியில் போய் மேலெழும்பி மறுபடி அணையை நோக்கியே திரும்பிச் சுழலும், அதில் மாட்டியவரை மேலே கொண்டுவந்து காட்டி மறுபடி உள்ளே இழுக்கும், நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பு மிதப்பதும் குறையும், லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் அது விடாது, காப்பாற்றப் போன படகையும் விடாது. அணையிலிருந்து திடீரென்று நீர் திறக்கும் கால்வாய், பம்பு உறிஞ்சும் இடம், செங்குத்துச் சுவருள்ள கல்குவாரி இவையும் அந்த வகை. இங்கெல்லாம் நல்ல வேலி, ஏன் என்று ஒரே வரியில் காரணம் சொல்லும் பலகை, பக்கத்தில் எங்கே இறங்கலாம் என்ற தகவல், உதவிக்கு அழைக்கும்போது சொல்ல இடத்தின் எண். அப்புறம் பெரும்பாலும் மறந்துபோகும் ஒன்று: ஏறி வர வழி. சுவர் வழுக்கும் கால்வாயிலும் குவாரியிலும் நன்றாக நீந்துகிறவர்கூட வெளியே ஏற முடியாமல் ஓய்ந்து மூழ்குகிறார். ஏணியோ, பிடித்துக்கொள்ளச் சங்கிலியோ, வெட்டிய படியோ வைத்தால் தடையை மீறியவனும் பிழைப்பான். மீறினவனுக்கு எதற்கு வசதி என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது நான் முதலிடம் கொடுப்பதற்கு வருகிறேன்: ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே பயிற்சி பெற்ற கண் ஒன்றை வைப்பது. உயிர்காப்பாளர் என்றாலே பாய்ந்து நீந்தி ஆளை இழுத்துவரும் காட்சிதான் மனதில் வரும். அவர்களின் வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே நடக்கிறது: அன்றைய ஓட்டத்தைப் பார்த்துக் கொடி நடுவது, எல்லை போடுவது, உள்ளே போகிறவனை விசிலடித்துத் திருப்புவது, குடித்திருப்பவனை உட்காரவைப்பது. அமெரிக்கக் கடற்கரை உயிர்காப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, அவர்கள் காவலிருக்கும் கடற்கரைக்குப் போகும் ஒருவர் மூழ்கி இறக்கும் வாய்ப்பு 1 கோடியே 80 லட்சத்தில் ஒன்று. அந்தக் கணக்கில் மணலில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களும் அடக்கம், கணக்குப் போட்டதும் அவர்களே, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். செய்த பிறகும் பெரிய எண்தான். சிட்னியின் பாண்டை கடற்கரையில் 1938 பிப்ரவரி 6 அன்று அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் ஏறக்குறைய 250 பேரை உள்ளே இழுத்துக்கொண்டு போயின. கரையில் தன்னார்வ உயிர்காப்பாளர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இறந்தது 5 பேர்.

இந்த வழி இறங்குவதற்கு முன், முதல் நிமிடம், அதற்குப் பின் என்று மூன்று கட்டத்தையும் தொடுகிறது, மற்ற எதுவும் அப்படித் தொடவில்லை. குறை வெளிப்படை: சம்பளம் வேண்டும், எல்லாக் கரையிலும் ஆள் நிறுத்த முடியாது, மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போன பிறகு இளைஞர்கள் வருவார்கள். அதனால்தான் “ஓர் இடம்” என்கிறேன். ஆழம் பார்த்து, தரை பார்த்து, நிழலும் உடை மாற்ற இடமும் வைத்து, இளைஞர்கள் உண்மையில் வரும் நேரத்துக்குக் காவல் நேரத்தை மாற்றி, கூட்டத்தை அங்கே இழுக்க வேண்டும். ஆபத்தான இடத்தை மூடுவதும் அப்போதுதான் வேலை செய்யும், போக வேறு இடம் இருக்கிறதே. இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் கடல் உயிர்காப்புச் சங்கங்களில் 15 வயதிலேயே ‘வெண்கலப் பதக்கம்’ என்ற உயிர்காப்புச் சான்றிதழ்ப் பயிற்சி முடித்துக் காவலில் நிற்கலாம். நண்பர்கள் முன்னால் வீரம் காட்டத் துடிக்கும் அதே வயது, அதே பையன்கள், இப்போது கையில் விசிலும் மிதவையும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அறிவுரை சொல்லி அடக்க முடியாத துடிப்புக்கு ஒரு வேலை கொடுத்துவிடுகிறார்கள். மற்ற எந்த வழியிலும் இது கிடைக்காது.

சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாத குடும்பமும் நண்பர் குழுவும் செய்யக்கூடிய சின்ன வடிவம் உண்டு: முறை வைத்துக்கொண்டு ஒருவர் கரையில் இருப்பது. கைபேசி கிடையாது, அரட்டை கிடையாது, குடி கிடையாது, கையில் கயிறு, எத்தனை தலை என்று எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வேலை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்ப்பதில்லை.

லைஃப் ஜாக்கெட்டில் விவாதமே இல்லாத பாதி ஒன்று இருக்கிறது. படகு, பரிசல், கயாக் எதில் ஏறினாலும் போட்டே தீர வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளில், பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் அதைப் போடாதவர்களாகவே வருகிறார்கள். படகில் மடித்து வைத்திருந்தால் போதாது, கவிழ்ந்த பிறகு தண்ணீரில் அதை மாட்டுவது படாதபாடு. வாங்கும்போது மிதப்பு எண்ணைப் பாருங்கள். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்குப் பக்கத்தில். 100 அமைதியான நீருக்கு. 150 என்றால் மயங்கியவரையும் பெரும்பாலும் முகம் மேலே வரும்படி திருப்பும். போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் அளவு சரியில்லை.

குளிக்கப் போகிறவனுக்கு ஜாக்கெட் என்பது வேறு கதை. பதினைந்து வயதுக்கு மேல் யாரும் போடமாட்டார்கள், இதை ஒப்புக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். தூரம் நீந்துகிறவர்கள் இடுப்பில் கட்டி இழுத்துப்போகும் பளிச்சென்ற மிதவைக்கு மதிப்பு உண்டு: படகுக்காரருக்குத் தெரியும், களைத்தால் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் காற்றடைத்த மெத்தையும் பொம்மை வளையமும் பாதுகாப்புப் பொருள் இல்லை. கரையிலிருந்து கடல் பக்கம் வீசும் காற்றில் அவை ஆளோடு சேர்ந்து போய்க்கொண்டே இருக்கும், திரும்பிப் பார்த்தால் கரை தூரத்தில் இருக்கும்.

கடைசி வழி கரையில் இருப்பவர்களுக்கான பயிற்சியும் பொருளும். இது முதல் விபத்தைத் தடுக்காது, அதனால் பட்டியலில் எப்போதும் கீழே தள்ளப்படுகிறது. ஆனால் இளைஞர்கள் கூட்டமாகப் போகிறவர்கள் என்பதால் இரண்டாவது, மூன்றாவது சாவைத் தடுக்கும் இந்த வழிக்கு நான் இரண்டாம் இடம் கொடுப்பேன், செலவும் மிகக் குறைவு. மூழ்குகிறவர் கைக்கு எட்டியதைப் பிடித்து அதன்மேல் ஏறப் பார்ப்பார், அது நண்பனின் தலையாக இருந்தாலும். ஆகவே முதலில் குச்சி, துண்டு, துடுப்பு நீட்டு, படுத்துக்கொண்டு நீட்டு. எட்டாவிட்டால் மிதப்பதை எறி, மூடி இறுக்கிய காலி கேன்கூட ஆகும். கயிறு எறிந்தால் ஆளைத் தாண்டி விழும்படி எறி. பயிற்சி இல்லாமல், பிடித்துக்கொள்ள மிதவை இல்லாமல் உள்ளே போகாதே. இதைத் தெரிந்துகொள்ள அரை நாள் போதும், கயிறு எறிவதை மட்டும் பலமுறை எறிந்து பழக வேண்டும், முதல் தடவை யாருக்கும் நேராகப் போகாது.

வெளியே எடுத்த பிறகு செய்வதில் பரவலான ஒரு பிழை இருக்கிறது. வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்குவதும் பயன் தராது, நேரத்தைத் தின்னும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூழ்கியவரின் இதயம் நின்றது காற்று இல்லாமல், எனவே காற்றுதான் முதலில். ஐரோப்பிய வழிகாட்டுதல் மூச்சில்லாதவருக்கு முதலில் 5 முறை வாயோடு வாய் ஊதச் சொல்கிறது, பிறகு 30 தடவை நெஞ்சை அழுத்தி 2 முறை ஊதுவது என்று தொடர வேண்டும். மாரடைப்புக்காகச் சொல்லித்தரும் “நெஞ்சை மட்டும் அழுத்து” முறை இங்கே போதாது, ஊதத் தெரியாதவர் சும்மா நிற்பதற்கு அதுவாவது மேல். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் இருமலோ மூச்சுத் திணறலோ குழப்பமோ இருந்தால் மருத்துவமனைதான்.

குடியைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. பொழுதுபோக்குக்காக நீரில் இறங்கி மூழ்கியவர்களில் 30 முதல் 70 சதவீதம் பேரின் இரத்தத்தில் மது இருந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சுவரொட்டி அடிப்பதால் இது மாறும் என்று நான் நம்பவில்லை. காவலுள்ள இடத்தில் குடித்தவனை இறங்கவிடாமல் நிறுத்த ஒருவர் இருப்பதும், குழுவுக்குள் “குளியல் முதலில், குடி அப்புறம்” என்று ஒருவன் உரக்கச் சொல்வதும் அதைவிட வேலை செய்யும்.

யார் எதை எடுப்பது? குளமும் சில ஆண்டு அவகாசமும் உள்ள பள்ளி, நீச்சல் வகுப்பை எடுக்கட்டும், ஆனால் உடுப்போடு மிதப்பது, திரும்புவது, ஏறுவது என்று பாடத்தை மாற்றி, கடைசி வகுப்புகளைக் காவலுள்ள திறந்த நீரில் வைக்கட்டும். எல்லாரும் குளிக்கும் துறை ஒன்று தன் எல்லைக்குள் இருக்கும் உள்ளாட்சி, அதை மூட யோசிக்காமல் அங்கே ஆள் வைக்கட்டும். மிச்சமுள்ள பணத்தில் தடுப்பணையை அடைக்கட்டும், கால்வாய்க்கு ஏணி வைக்கட்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியரோ பெற்றோரோ, காவலுள்ள இடமாகப் பார்த்துப் போவதுதான் முதல் முடிவு, அது இல்லையென்றால் முறைக் காவலும் கயிறும், அதுவும் இல்லையென்றால் முழங்காலுக்கு மேல் இறங்காத நாளாக அதை வைத்துக்கொள்ளலாம். கையில் பணமே இல்லாத இளைஞர் மன்றத்துக்கு அரை நாள் கயிறு எறியும் பயிற்சியும், இரண்டு மூன்று மாலை மிதக்கும் பழக்கமும், செயற்கைச் சுவாசமும். பலகை மட்டும் வைக்கும் முடிவை யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஓர் ஆண்டு கழித்து யாரோ கேட்பார்கள், பலன் உண்டா என்று. ஒரு கரையில் ஓர் ஆண்டில் சாவு இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஒன்றுமே செய்யாத ஆண்டிலும் பல சமயம் சாவு இருந்திருக்காது. அதற்குப் பதிலாக எண்ணக்கூடியவை இருக்கின்றன: காவல் நேரத்துக்கு வெளியே எத்தனை பேர் இறங்குகிறார்கள், எல்லைக்கு வெளியே போய்த் திருப்பப்பட்டவர்கள் எத்தனை, இழுத்துவர வேண்டியிருந்தது எத்தனை முறை, உடுப்போடு ஒரு நிமிடம் மிதக்கத் தெரிந்தவர்கள் வகுப்பில் எத்தனை பேர், கரையிலிருந்த கயிறும் மிதவையும் இன்னும் அங்கேயே இருக்கின்றனவா. முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப் போட்டு இவற்றை எழுதத் தொடங்கிவிட்டால், அடுத்த ஆண்டு பணம் கேட்கப் போகும்போது காட்ட ஏதாவது இருக்கும்.